நடுநிலைப் பள்ளியில் நழுவும் எண்ணறிவு

கல்வியைக் கண் எனக் கூறப் புகுந்த திருவள்ளுவர் எழுத்துக்கு முன்னர் எண்ணை வைத்தார். தமிழ்த்துறையில் பணிபுரியும் ஒருவர் கணக்கைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எழுத்தைக் காக்கும் பொறுப்புடையோர் அதன் உடன்பிறப்பாகிய எண்ணைக் கைவிடுதல் முறையன்று என்பதே என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் பயின்ற இளங்கலை மாணவி ஒருவர், தம் அன்னையார் ‘மூன்று வட்டி’க்கு 20,000 ரூபாய் கடன் வாங்கியிருப்பதாகக் கூறினார். வங்கியில் நகைக்கடன் பெற்றிருக்கலாமே என்றேன். “வங்கியில் ஒன்பது வட்டி ஐயா, இது மூன்றுதானே!” என்றார். வங்கி கூறிய ஒன்பது ஆண்டுக்குரியது; கடன் கொடுத்தவர் கூறிய மூன்று மாதத்திற்குரியது. மாதம் நூற்றுக்கு மூன்று எனில் ஆண்டுக்கு 36 விழுக்காடு. வங்கியில் ஓராண்டு வட்டி 1,800 ரூபாய். அவ்வன்னையார் செலுத்தியதோ 7,200 ரூபாய். தனிவட்டிச் சூத்திரத்தை அம்மாணவி பிழையின்றி ஒப்புவித்தார் என்பதுதான் என்னை வருத்தியது.

இஃது ஒருவரின் குறையன்று. ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயதுடையோரிடம் 2023இல் நடத்தப்பெற்ற ‘அசர்’ ஆய்வில், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வல்லவர் 43.3 விழுக்காட்டினரே. கழித்தலேனும் அறிந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே கடனைத் திருப்பிச் செலுத்தும் தொகையைக் கணக்கிட்டனர். இவ்விளைஞர்களுள் பெரும்பாலோர் நடுநிலைப் பள்ளியைக் கடந்து வந்தவர்கள். நழுவிய இடம் அதுவே எனக் கருதுகிறேன்.

தொடக்கப் பள்ளி முழு எண்களின் உலகம். அங்கே பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும். ஆறாம் வகுப்பில் பின்னமும் விகிதமும், ஏழாம் வகுப்பில் விழுக்காடும் வட்டியும் விரிவாக வரும்போது இவ்விதி உடைகிறது. அரையைக் காலால் பெருக்கினால் இரண்டினும் சிறிய எண் வருகிறது. அதன் காரணம் விளங்காத மாணவன் அன்று முதல் மனப்பாடத்திற்கு அடிமையாகிறான். ஆகவே இப்பருவத்தில் மூன்று திறன்கள் இன்றியமையாதன.

முதலாவது, பின்னத்தைப் பொருளுணர்ந்து அறிதல். நம் முன்னோர் எண்சுவடியில் பயின்ற பெயர்களே இதற்குத் துணைபுரியும். எட்டில் ஒன்றின் பெயர் அரைக்கால். காலில் அரை என்னும் பெருக்கல் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதன் பெயர் மாகாணி. தங்கத்திற்கும் ரொக்கத்திற்கும் நாம் வழங்கும் ஸகாத் நாற்பதில் ஒரு பங்கு. தமிழ்க் கணக்கில் அஃது அரைமா; விழுக்காட்டில் இரண்டரை. ஓரளவுக்கு மூன்று பெயர்கள் என்பதை உணர்ந்த பிள்ளைக்குப் பின்னமும் விழுக்காடும் தனித்தனிப் பாடங்களாகத் தோன்றா.

பாகப்பிரிவினையும் இவ்வாறே. தாயையும் மனைவியையும் ஆண் பெண் மக்களையும் மட்டும் விட்டு ஒருவர் மறைந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு மூன்று, தாய்க்கு நான்கு. எஞ்சிய 17 பங்கு மக்களுக்கு. மீச்சிறு பொது மடங்கு எதற்கு என வினவும் மாணவனுக்கு இதனினும் சிறந்த விடை உண்டோ? ஒன்பதாம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மி இயற்றிய இயற்கணித நூலின் ஒரு பெரும்பகுதி இத்தகைய பங்கீட்டுக் கணக்குகளே.

இரண்டாவது, மதிப்பிடுதல். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என எழுதும் மாணவர் பலர். அரையோடு ஒன்றைக் கூட்டிய பின் விடை அரையினும் குறையுமோ என ஒரு கணம் நினைத்தால் பிழை தானே புலப்படும். நகைக்கடையில் ஒரு சவரனுக்குச் சேதாரம் 12 விழுக்காடு என்றால், எட்டுக் கிராமில் பத்து விழுக்காடு 0.8, இரண்டு விழுக்காடு 0.16, ஆகச் சற்றேறக்குறைய ஒரு கிராம். கருவியின்றி இதனைச் சொல்லத் தெரிந்தவரே கருவி காட்டும் விடையையும் சரிபார்க்க இயலும்.

மூன்றாவது, வாக்கியத்தைப் படித்தல். இங்கே கணக்காசிரியரோடு தமிழாசிரியரும் பொறுப்பேற்க வேண்டும். ‘நூற்றை நான்கால் வகு’, ‘நான்கை நூற்றால் வகு’ என்னும் இரண்டிலும் எண்கள் அவையே. வேற்றுமை உருபு இடம் மாற விடை மாறுகிறது. இருநூற்றில் 20 விழுக்காடு 40. இருநூற்றிலிருந்து 20 விழுக்காடு குறைத்தால் 160. ‘மூன்று வட்டி’ என்னும் தொடரில் ‘மாதத்திற்கு’ என்னும் சொல் தொக்கு நிற்கிறது. தொகைகளை இலக்கணத்தில் விரிக்கப் பயின்ற நம் மாணவி, வாழ்க்கையில் எதிர்ப்பட்ட இத்தொகையை விரிக்கவில்லை. அதன் விலை ஆண்டுக்கு 5,400 ரூபாய்.

பழைய திண்ணைப் பள்ளியை அப்படியே மீட்க வேண்டும் என்று யான் கூறவில்லை. அங்கே பிரம்பு இருந்தது. பொருளுணராத மனனமும் இருந்தது. பெண்மக்களில் பெரும்பாலோர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் அதன் கதவு திறக்கவில்லை. இன்று எல்லோர்க்கும் பள்ளி உண்டு. தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளின் அடித்தளத்தைக் கருதியது. அதன்மேல் எழும் சுவரைக் காப்பது நடுநிலைப் பள்ளியின் கடன்.

செட்டிநாட்டுக்கு இது புதிய செய்தியன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இம்மண்ணினர் நடத்திய கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவனை மேலாளாக உயர்த்திய ஏணி கணக்கே. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 1950இல் சென்னையில் இராமானுசன் பெயரால் கணித நிறுவனம் ஒன்றை நிறுவினார். அத்தகைய மண்ணில் ஒரு பட்டதாரிப் பெண் வட்டிக் கணக்கில் ஏமாறலாகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரம் ஒரு பாடவேளையேனும் தமிழாசிரியரும் கணக்காசிரியரும் இணைந்து, கடன் சீட்டையும் நகைக்கடைப் பற்றுச்சீட்டையும் மாணவர்க்குப் படித்துக் காட்டுங்கள். சமுதாயப் பெரியோர்களே! வட்டியை மார்க்கம் விலக்கியுள்ளது என மேடைதோறும் கூறுகிறோம். அது ஏழையின் வீட்டில் என்ன செய்கிறது என்பதைக் கோடை விடுமுறை வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிக் காட்டவும் வேண்டும். ஸகாத் கணக்கிடும் நாளில் வீட்டுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுங்கள். மாணவச் செல்வங்களே! தெரியாததைத் தெரியாது என்று கூறி, ஆறாம் வகுப்புக் கணக்கு நூலை மீண்டும் எடுத்துப் படிப்பதில் வெட்கம் ஏதுமில்லை. அம்மாணவி அவ்வாறே செய்தார். மறு ஆண்டு அவ்வீட்டுக் கடனை வங்கிக்கு மாற்றியவர் அவரே.