பால் கணக்குக்குப் பக்கத்தில் பாம்புக் கணக்கு!

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரியை ஒட்டி வீடு கட்டிக் குடிவந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. வந்த முதல் மாதமே துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நீளமாக ஒரு பாம்பு. அலறியடித்து ஓடினேன். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "சாரைம்மா அது. எலிக்கு வந்திருக்கு, போயிடும்" என்றார். அன்று பால் கணக்கு எழுதும் காலண்டரில் 'சாரை' என்று குறித்தேன். அதுவே பழக்கமாகிவிட்டது.

இப்போது எந்த மாதம் யார் வருவார்கள் என்று ஓரளவு தெரியும்.

சித்திரையில் வேலி ஓணானின் தலையும் கழுத்தும் சிவக்கும். ரத்தம் குடிக்கிறது என்று சின்ன வயதில் கல்லெறிந்திருக்கிறோம். பாவம், அது ஜோடி தேடும் மாப்பிள்ளைக் கோலம்! ஆனியில் பாம்புக் குட்டிகள். நல்ல பாம்பு முட்டையிலிருந்து பொரியும். கண்ணாடிவிரியன் குட்டியாகவே பிறக்கும். குட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். பிறந்த அன்றே விஷம் உண்டு. மார்கழியில் கோலம் போடப் போகும்போது என் கையில் கட்டாயம் டார்ச் இருக்கும். கண்ணாடிவிரியன் குக்கர் போலச் சீறும்தான். ஆனால் சீறும்வரை காத்திருக்க முடியுமா?

இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசியில், 'கட்டுவிரியன், வாசல்படி, இரவு 10' என்று எழுதியிருந்தேன். போன ஐப்பசி பிறந்ததும் அது கண்ணில் பட்டது. திண்ணையில் பாய் விரித்துப் படுக்கும் மாமனாருக்குக் கொசுவலை கட்டி, ஓரங்களைப் பாய்க்கடியில் செருகினேன். "கொசுவே இல்லையேம்மா" என்று அலுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் விடியற்காலை, வலைக்கு வெளியே, அவர் கால்மாட்டில் சுருண்டு கிடந்தது கட்டுவிரியன். இது கடித்தால் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது; தூக்கத்தில் தெரியாமலே போகலாம். தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துப் போகும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. யாரையாவது கடித்துவிட்டால் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

அதே ஐப்பசியில் எழுத எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. முதல் பெருமழை இரவில் பக்கத்துக் காலிமனைப் பள்ளம் நிரம்பும். எலுமிச்சை மஞ்சளாக மாறிய பெரிய ஆண் தவளைகள், தாடையில் நீலப் பை உப்ப, விடிய விடியக் கத்தும். டிவி சத்தம்கூடக் கேட்காது. "இதுங்களுக்கு வாயே வலிக்காதா?" என்று திட்டிக்கொண்டேதான் எழுதுவேன்.

இந்த ஐப்பசியில் மழை பெய்தது. தவளை கத்தவில்லை. கோடையிலேயே பள்ளத்தில் மண்ணடித்து, சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டார்கள். பால் கணக்குக்குப் பக்கத்தில் கட்டம் காலி.

மாமியார் மட்டும், "பேனாவை எடுத்து வைம்மா. ஏரிப் பக்கமிருந்து ஒண்ணாவது கத்தாதா?" என்கிறார்.

ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.