தடுத்துச் சொல்லும் நர்சு வேண்டும்!

ராத்திரி 2 மணி. பொது வார்டு.

"சிஸ்டர், குளுக்கோஸ் முடியப் போகுது!" என்று ஒரு கட்டிலில் இருந்து குரல். "சிஸ்டர், அப்பாவுக்கு மூச்சு வாங்குது, சீக்கிரம் வாங்க!" என்று இன்னொரு கட்டிலில் இருந்து குரல். டூட்டி டாக்டர் வேறு வார்டில் இருக்கிறார். இங்கே இருப்பது ஒரே ஒரு நர்சு.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கியவர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. டாக்டர் காலையில் ஒரு தரம் வருவார், மாலையில் ஒரு தரம் வருவார். மற்ற நேரம் எல்லாம் நோயாளியின் உயிர் நர்சின் கையில்தான்.

அந்தக் கைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? "வலிக்காம ஊசி போடணும், சிரிச்சுப் பேசணும்." நல்ல நர்சு என்றால் நம்மில் பலர் சொல்வது இவ்வளவுதான். இது போதாது!

பத்து திறமைகள்

இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் 2021-ல் அரசிதழில் வெளியானது. ஒரு நர்சுக்கு அடிப்படையாக 10 திறமைகள் வேண்டும் என்கிறது அது. நோயாளியை முதலில் வைத்துக் கவனிப்பது, பாதுகாப்பு, தெளிவாகப் பேசுவது, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது, ஆதாரம் உள்ள முறையைக் கடைப்பிடிப்பது என்று பட்டியல் நீளுகிறது.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. வார்டில் இதற்கு என்ன அர்த்தம்?

முதலாவது, சரிபார்ப்பது. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. ஒரே வார்டில் இரண்டு முருகேசன்கள் இருக்கலாம். "நீங்க முருகேசன்தானே?" என்று கேட்டால், அரை மயக்கத்தில் இருக்கிற யாரும் தலையை ஆட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். சின்ன விஷயம்தான். உயிர் போகிற இடமும் அதுதான்.

பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து. டிரிப்பில் கலந்து மெதுவாக ஏற்றினால் அது மருந்து. கலக்காமல் அப்படியே ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்று போகும். இப்படிப்பட்ட மருந்துகளை ஒரு நர்சு எடுக்க, இன்னொரு நர்சு லேபிளைப் படித்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கவனிப்பது. சாயங்காலம் நிமிஷத்துக்கு 16 தடவை மூச்சு விட்டவர், நடுராத்திரியில் 28 தடவை மூச்சு விடுகிறார். "தூங்குறார், பாவம்" என்று விட்டுவிட்டுப் போகலாமா? ஆபத்து வருவதற்கு முன்னே அதன் நிழலைப் பார்ப்பதுதான் படிப்பு.

மூன்றாவதுதான் முக்கியம். தடுத்துச் சொல்வது!

டாக்டர் எழுதிய அளவு தப்பாகத் தெரிந்தால், "சார், இந்த அளவு சரிதானா? ஒரு தரம் பாருங்க" என்று நர்சு கேட்க வேண்டும். டாக்டரும் மனிதர்தான். அவருக்கும் கை தவறும். நோயாளிக்கு மருந்து போய்ச் சேரும் முன்பு கடைசியாக நிற்கிற காவல் நர்சுதான்.

ஆனால் கேட்டால் என்ன கிடைக்கிறது? "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று ஓர் அதட்டல்! அடுத்த தடவை அந்த நர்சு வாய் திறப்பாரா? மாட்டார். நஷ்டம் யாருக்கு? கட்டிலில் படுத்திருப்பவருக்கு!

தவறு நடந்ததைத் தானாக வந்து சொன்ன நர்சுக்கு மெமோ கொடுத்தாலும் இதே கதைதான். அடுத்த தவறு மறைக்கப்படும். மறைத்த தவறு மறுபடியும் நடக்கும்.

ஒருவருக்கு எத்தனை பேர்?

திறமை இருந்தால் மட்டும் போதுமா? நேரம் வேண்டாமா? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஆபரேஷன் ஆனவர்களைக் கவனிக்கும் நர்சுக்குக் கூடுதலாக ஒரு நோயாளியைக் கொடுத்தால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஐரோப்பாவில் 9 நாடுகளில் நடத்தி 2014-ல் வெளியான ஆராய்ச்சியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது.

இதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம். பிதுங்கி வழிகிற பஸ்சில் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டரைப் பாருங்கள். படியில் தொங்குகிறவரை அவர் எப்படிக் கவனிப்பார்?

சம்பளமும் இதோடு சேர்ந்ததுதான். சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி மத்திய அரசு 2016-ல் ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. நம் சென்னையில் 2017 நவம்பரில், அரசு ஆஸ்பத்திரிகளின் ஒப்பந்த நர்சுகள் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கேட்டது என்ன? நிரந்தர வேலை, நியாயமான சம்பளம். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர், இன்றைக்கு டாக்டரைத் தடுத்துக் கேட்பாரா?

வெள்ளைக் கோட்டு போதாது

இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் நர்சு ஆகிவிட முடியாது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷப் படிப்பு. டிப்ளமோ மூன்று வருஷம். படித்து முடித்தவர் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சில இடங்களில், நாலு மாதம் கூட இருந்து பார்த்துப் பழகியவர்கள் ஊசி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சம்பளம் மிச்சம் என்பது முதலாளியின் கணக்கு. உயிர் யாருடைய கணக்கில்?

செய்ய வேண்டியது இதுதான். ராத்திரி டூட்டியில் எத்தனை நர்சுகள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வார்டு வாசலிலும் எழுதிப் போட வேண்டும். பதிவு எண் இல்லாதவர் கையில் ஊசி கொடுக்கக் கூடாது. அதிகாரிகள் சொல்லாமல் போய்ச் சோதனை நடத்த வேண்டும். சந்தேகம் கேட்ட நர்சை அதட்டக் கூடாது என்று ஆஸ்பத்திரி நிர்வாகமே டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நமக்கும் வேலை உண்டு. மருந்து கொடுக்கும் முன் பெயரைக் கேட்டால், "எத்தனை தடவைம்மா கேப்பே?" என்று எரிந்து விழாதீர்கள். அந்தக் கேள்வி உங்களைக் காப்பாற்றுகிற கேள்வி! கேட்காமல் ஊசியோடு வந்தால் நீங்கள் கேளுங்கள்: "சிஸ்டர், இது என்ன மருந்து? யாருக்கு?"

1871-லேயே பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கிய ஊர் இது. படித்த நர்சுக்கு இங்கே பஞ்சம் இல்லை. அவர் வாய் திறந்து, "நில்லுங்க, இது தப்பு" என்று சொல்ல இடம் கொடுப்பதில்தான் பஞ்சம்.

அந்த இடத்தைக் கொடுங்கள். நாளைக்கு அந்தக் கட்டிலில் நாமே படுத்திருக்கலாம்!