மெட்டு வேண்டுமா, வேண்டாமா?



இம்மாதம் காணி உறுதியும் இல்லை, சுழற்சிக் கடனும் இல்லை. ஒரு வாத்தியத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். சிலருக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். பேஸ் யூக்குலேலே என்பது அதன் பெயர். அதனை வாங்க நினைப்பவர் முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்லவேண்டும். மெட்டு வைத்ததா, மெட்டு இல்லாததா? இந்தக் கேள்வி வெளிநாட்டிலிருந்து எங்கள் மாதர் சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு வந்தது. அவர் என்னிடம் கேட்டார். நான் சங்கீதம் படித்தவள் அல்ல, சமூகவியல் படித்தவள். ஆகவே தேடி வாசித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டேன்.

யூக்குலேலே பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள் கொண்டுபோன வாத்தியம். 1879 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் போர்த்துக்கலுக்குச் சொந்தமான மதேரா தீவிலிருந்து ராவென்ஸ்கிராக் என்ற கப்பல் ஹவாயின் ஹொனலூலுத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள். அவர்களோடு மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று மரவேலைக்காரரும் வந்தார்கள். தங்கள் ஊரின் மச்சேட்டே என்ற நாலு தந்திச் சிறு வாத்தியத்தின் சாயலில் இவர்கள் செய்ததுதான் யூக்குலேலே. ஹவாய் மன்னர் கலாகவுவாவுக்கும் அது பிடித்துப்போனது. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த எங்கள் மலையக மக்கள் தப்பையும் காமன்கூத்தையும் கூடவே கொண்டுவந்ததை இதனோடு சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

பேஸ் யூக்குலேலே இதன் கடைசித் தங்கை. ஓவென் ஹோல்ட் என்பவரின் வடிவமைப்பைக் கொண்டு கலிபோர்னியாவின் கலா நிறுவனம் யூ-பேஸ் என்ற பெயரில் அதனைப் பரப்பியது. மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு. ஆனால் குரலோ பெரிய பேஸ் கிற்றாரின் அதே அடிக்குரல். பேஸ் கிற்றாரில் தந்தியின் நீளம் சுமார் 86 சென்றிமீற்றர், இதில் சுமார் 53 தான். இவ்வளவு குட்டைத் தந்தியிலிருந்து அந்தக் கனத்த ஓசை வருவதற்குக் காரணம், தந்தி உலோகம் அல்ல. பொலியூரிதேன் என்ற, ரப்பர் போன்ற தடித்த பொருள். விரலுக்கு மெது. இரும்புத் தந்தி அழுத்தி விரல் நுனி வெட்டுப்பட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். மின் ஒலிபெருக்கியில் இணைக்காவிட்டால் சத்தம் மிகக் குறைவு, ஒரு அறைக்குள் மட்டும் கேட்கும்.

இனி மெட்டு விடயம். வீணையைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தண்டில் மெழுகின்மேல் குறுக்கே 24 மெட்டுகள் இருக்கும். விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் போதும், தந்தியின் நீளத்தை மெட்டே வெட்டிக் கொடுத்துவிடும். விரல் கொஞ்சம் முன்பின்னானாலும் சுரம் அதே இடத்தில் நிற்கும். வயலினில் அப்படி இல்லை. விரல் நிற்கும் இடம்தான் சுரம்.

பேஸ் வாத்தியத்திலும் இதே கதைதான். முன்பு ஆள் உயரத்துக்கு நின்ற டபிள் பேஸில் மெட்டு இல்லை. 1951 ஆம் ஆண்டு லியோ ஃபென்டர் தோளில் மாட்டும் மின் பேஸ் கிற்றாரை மெட்டு வைத்துச் செய்தபோது அதற்குப் பிரெசிஷன், அதாவது துல்லியம், என்றே பெயர் வைத்தார். காரணம் அந்த மெட்டுகள்தான். இதனால் பயன் பெற்றவர்களில் கரோல் கேய் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சொல்லவேண்டும். அவர் கிற்றார்க் கலைஞர், பிள்ளைகளின் தாய். 1963 ஆம் ஆண்டு ஒலிப்பதிவு ஒன்றுக்கு வரவேண்டிய பேஸ் கலைஞர் வராததால் அந்த இடத்தில் உட்கார்ந்தார். பிறகு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதிகம் தேடப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். கிற்றாரிலிருந்து வந்தவருக்கு மெட்டு பழகிய வழியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் மெட்டில்லாததை ஏன் ஒருவர் விரும்பவேண்டும்? குரலுக்காக. மெட்டில்லாத தண்டில் விரல் சறுக்கினால் சுரமும் பாட்டுக்காரியின் குரல்போல வழுக்கிக்கொண்டு போகும். மெட்டுள்ளதில் அது படிப்படியாக ஏறும். வீணையில் மெட்டு இருந்தும் கமகம் வருகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீணையில் உலோகத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்கிறோம், இழுக்க இழுக்கச் சுரம் ஏறுகிறது. ரப்பர் போன்ற தந்தியை எவ்வளவு இழுத்தாலும் சுரம் அவ்வளவாக ஏறாது. ஆகவே எங்கள் பாட்டின் அசைவுகளை இந்த வாத்தியத்தில் கொண்டுவர விரும்புபவருக்கு மெட்டில்லாததே வழி. 2011 இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருதைப் பெற்ற எஸ்பெரான்சா ஸ்போல்டிங் என்ற பெண் டபிள் பேஸோடு மெட்டில்லாத மின் பேஸையும் வாசித்துக்கொண்டே பாடுபவர்.

ஆனால் இந்தச் சின்ன வாத்தியத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. விற்பவர்கள் அதனைப் பெரிதாகச் சொல்வதில்லை. தந்தி குட்டை என்றால் சுரங்களுக்கு இடையிலான இடைவெளியும் குட்டை. பெரிய பேஸில் முதல் அரைச் சுரத்துக்கு ஏறக்குறைய 5 சென்றிமீற்றர். இதில் 3 தான். தந்தியின் நடுப்பகுதிக்குப் போனால் ஒன்றரை. அங்கே விரல் 3 மில்லிமீற்றர் பிசகினால் அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிசகும். பக்கத்தில் ஆர்மோனியம் இருந்தால் காது உள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தினமும் அரைமணி நேரமாவது உட்கார முடியாத ஒருவருக்கு மெட்டில்லாததை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விறகு, தண்ணீர், பிள்ளையின் பள்ளிக்கூடம், பின்னேரம் தோட்டம் என்று ஓடுபவருக்குச் சனிக்கிழமை மட்டும் கையில் எடுத்தாலும் சரியான சுரம் தரும் வாத்தியம்தான் உதவும்.

கேள்வி கேட்ட அக்காவின் நிலைமை வேறு. சிறுவயதிலிருந்தே வயலின் படித்தவர். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளில் நாலாம் தரம் வரை சித்தியடைந்தவர். 2009 இல் வலது முழங்கையில் காயம். கை முழுதாக நீளாது. வில்லை நுனிவரை இழுக்க முடியாது. வயலினோ இடம்பெயர்வில் போய்விட்டது. சனிக்கிழமைகளில் எங்கள் சங்கத்து மண்டபத்தில் பெண்கள் பாடும்போது தாளம் மட்டும் போடுவார். தமக்கை கனடாவிலிருந்து, மடியில் வைத்து விரலால் தட்டுவது என்றால் முழங்கை நீளத் தேவையில்லைத்தானே, வரும்போது கொண்டுவருகிறேன், எந்த வகை வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளை, அந்தக் காசை அனுப்பச் சொன்னால் குசினிக்குத் தகரம் போடலாம்" என்றார் என்னிடம். அதில் பிழை ஒன்றும் இல்லை. மழைக்கு ஒழுகும் குசினியில் சமைப்பவர் அவர்தான். ஆனால் தமக்கை கேட்ட கேள்வி குசினியைப் பற்றியது அல்ல. நிவாரணம் என்று வந்த பொருட்களில் கோழியா ஆடா என்றுகூட எங்களிடம் கேட்காமல் தந்தவைதான் அதிகம். இங்கே தருபவர் பெறுபவரின் விருப்பத்தைக் கேட்டிருக்கிறார். அதற்கு அக்காதான் விடை சொல்லவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி மட்டும் வந்தது.

அக்காவின் இடது கைக்கு ஒன்றுமில்லை. வயலினில் தந்தியின் நீளம் 33 சென்றிமீற்றர் அளவுதான், முதல் அரைச் சுரத்துக்கு இரண்டு சென்றிமீற்றரும் வராது. அந்த நெருக்கத்தில் பழகிய விரலுக்கு பேஸ் யூக்குலேலேயின் தண்டு விசாலமான முற்றம் மாதிரி. காதும் இருக்கிறது. மெட்டு அவருக்குத் தடையாகவே இருக்கும் என்று எனக்குப் பட்டது. அவரும் அதையே சொன்னார், என்னைவிடச் சுருக்கமாக: "மெட்டு வைச்சால் எனக்கு அது வேற ஆற்றையோ கைமாதிரி இருக்கும்."

சங்கத்துப் பெண்பிள்ளைகள் ஐந்தாறு பேர் பழக ஆசைப்பட்டதுதான் சிக்கல். அவர்களுக்கு மெட்டுள்ளதே நல்லது. ஒரே வாத்தியத்தை எல்லோரும் பாவிப்பது என்றால் மெட்டுள்ளதை வாங்குவது நியாயமாகத் தோன்றும். பின்னர் வேண்டாமென்றால் மெட்டுகளைக் கழற்றி, பள்ளங்களை நிரப்பவும் முடியும். இல்லாததற்குப் புதிதாக மெட்டு வைப்பதோ கைதேர்ந்த ஆளின் வேலை. இந்த நியாயத்தை நான் எடுத்துச் சொன்னேன். அக்கா இரண்டு நாள் யோசித்தார். தனக்கென்று வருவது தன் கைக்கு ஏற்றதாக இருக்கட்டும், பிள்ளைகளுக்கு வேறு வழி பார்ப்போம் என்று முடிவெடுத்தார். பொதுவுக்கு விட்டுக்கொடுத்தே பழகியவர் இப்படிச் சொன்னது எனக்குச் சந்தோஷம். கோடு போட்ட தண்டு கேட்கும்படி மட்டும் சொன்னேன். சில மெட்டில்லாத பேஸ்களில் மெட்டு இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய கோடு பதித்திருப்பார்கள். அக்கா அதற்கு உடன்பட்டது பிள்ளைகள் தொட்டுப் பழகும்போது உதவும் என்றுதான்.

வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் சில விபரங்கள். இதன் நாலு தந்திகளும் பேஸ் கிற்றார் போலவே ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்க்கப்படும். எங்கள் பெண்கள் பாடுவது ஐந்து கட்டையில். ஐந்து கட்டை என்பது ஜி. ஆகவே விரல் வைக்காமலே கடைசித் தந்தி ஷட்ஜம், அதற்கு முந்திய டி தந்தி கீழ்ப் பஞ்சமம். மெட்டில்லாததைப் பழகுபவர் இந்த இரண்டையும் தட்டிக் கேட்டுக்கொண்டே மற்றச் சுரங்களைத் தேடலாம். புதுத் தந்தி பல நாட்களுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கும். பழுதென்று பயப்படாமல் திரும்பத் திரும்பச் சேர்க்கவேண்டும். இவ்வகைத் தந்தி எங்கள் பக்கக் கடைகளில் என் கண்ணில் படவில்லை. ஆகவே கொண்டுவருபவரிடம் ஒரு கட்டு மேலதிகமாகக் கேளுங்கள். எங்கள் வெக்கைக்கு விரல் வியர்த்தால் தந்தியில் ஒட்டும். வாசிக்கு முன் விரல் நுனியில் குழந்தைப் பவுடர் கொஞ்சம் தடவிக்கொண்டால் சரி.