அசல் போடாமல் வட்டி வருமா?

என்னிடம் ஒரு நெகட்டிவ் இருக்கிறது. தாத்தாவின் மளிகைக் கடை, கடைசி நாள். கல்லாவுக்குப் பின்னால் தாத்தா. தலைக்கு மேலே ஒரே ஒரு குண்டு பல்பு. பல்பு பிரமாதமாக விழுந்திருக்கிறது, தாத்தாவின் நரைமுடியும் சூப்பர். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை, வெறும் ஃபிலிம்.

ஃபிலிம், இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ். வேகம் 400. வெளிச்சம் போதவில்லையே என்று மீட்டரை 1600-ல் வைத்து எடுத்தேன். "புஷ் பண்ணிக்கலாம்டா, டெவலப்பர் பார்த்துக்கும்" என்றார் எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன். ஐடி-11 டெவலப்பரில் 400-க்கு ஏழரை நிமிடம், 1600-க்கு 14 நிமிடம் என்கிறது இல்ஃபோர்ட் அட்டவணை. அதையும் ஒழுங்காகத்தான் செய்தேன்.

அண்ணன் சொன்னது தப்பு என்பது என் கட்சி. வெளிச்சமே விழாத இடத்தில் டெவலப்பருக்கு என்ன வேலை? (பி.காம். பாஷையில் சொன்னால், அசலே போடாத கணக்குக்கு வட்டி எங்கிருந்து வரும்?) கூடுதலாகக் கொடுத்த நிமிடமெல்லாம் ஏற்கெனவே பணக்காரரான பல்புக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கான்ட்ராஸ்ட் ஏறியது, வேகம் ஏறவில்லை. டெல்டா 3200-ஐயே பாருங்களேன். பெயரில்தான் 3200, அதன் ஐஎஸ்ஓ 1000 என்று கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது!

மைக்ரோஃபென் போட்டால் இருட்டுப் பகுதியில் கொஞ்சம் கூடக் கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். பர்செப்டாலில் கிரெயின் நைசாகும், ஆனால் வேகம் குறையும். ஆனால் எந்த டெவலப்பரும் நான் வாங்கிய இரண்டு ஸ்டாப் கடனை அடைக்காது. அதனால் டெவலப்பர் சண்டையில் எனக்கு ஆர்வமே போய்விட்டது. இப்போதெல்லாம் டப்பாவில் 400 என்று இருந்தாலும் 250-ல் வைத்து எடுக்கிறேன். டி-76, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர், 11 நிமிடத்துக்குப் பதில் 9. கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழல்கூட வருகிறது.

புஷ் பண்ணி எடுத்த நல்ல படங்களே இல்லையா? இருக்கின்றன. நாடக மேடை, கச்சேரி மாதிரி, இருட்டு இருட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற இடங்களில்.

அன்று என் ஷட்டர் 1/60. மீட்டரை 400-லேயே விட்டிருந்தால் 1/15 வந்திருக்கும். கேமராவை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு, "தாத்தா, ஒரு நிமிஷம் அசையாம இருங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஸ்டூலில் மணிக்கணக்காக அப்படியே உட்கார்ந்திருப்பவர்தானே, இருந்திருப்பார்.