நூலிழையில் தப்பியதாம்ல!

மக்களே, இது புலம்பல் பதிவு. பிடிக்காதவங்க இப்பவே ஜூட் விடலாம்.

2022 பிப்ரவரி 18, யூனிஸ் புயல் இங்கிலாந்தைப் புரட்டிப் போட்ட நாள். லண்டன் ஹீத்ரோ பக்கத்துல ஜெர்ரி டயர் வேன் மேல நின்னுக்கிட்டு, விமானங்கள் இறங்குறதை தன்னோட 'பிக் ஜெட் டிவி'யில நேரலையா விட்டார். ஒரே நேரத்துல 2 லட்சம் பேருக்கு மேல பார்த்தாங்க. 'பிளேன் பாக்குறதெல்லாம் ஒரு பொழப்பா'ன்னு என்னை ஓட்டின நண்பர் உட்பட.

அவர் மேல கோபமில்லை. அந்த மாதிரி நேரலையை 20 நொடியா நறுக்கி, 'நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்'னு தலைப்பு வச்சு கல்லா கட்டுறவங்க மேலதான் கடுப்பு.

ஹீத்ரோ ஓடுபாதை ரெண்டும் கிழக்கு மேற்கா கிடக்கு. காத்து பக்கவாட்டுல அடிச்சா விமானம் நண்டு மாதிரி மூக்கைத் திருப்பிக்கிட்டே வரும், சக்கரம் படுறதுக்குச் சத்தமில்லாம முன்னால நேராகும். சரியா அமையலையா, விமானி வேகத்தைக் கூட்டி மேல ஏறிடுவார். சுத்திட்டு வந்து மறுபடி இறக்குவார். இதுக்குப் பேர் கோ-அரவுண்ட். சிமுலேட்டர்ல திரும்பத் திரும்பப் பழகுற சமாச்சாரம் இது. அதே வருஷம் ஜனவரி 31-ல அபர்தீன்ல இருந்து வந்த விமானம் ஹீத்ரோவுல தரையைத் தொட்டு, சாய்ஞ்சு, மேல ஏறிப் போச்சே, அதுவும் டயர் எடுத்த படம்தான். அடுத்த முறை அழகா இறங்கிடுச்சு. உலகம் சுத்தின துண்டுப்படத்துல அது இருந்துச்சா?

'ஒரு தலைப்புக்கு ஏன்யா இவ்வளவு குதிக்கறே'ங்கறீங்களா? போன வருஷம் சென்னைக்கு வரும்போது நான் வந்த விமானம் இறங்காம மேல ஏறுச்சு. பக்கத்து சீட்டு பெரியவர், "ஓட்டத் தெரியாதவன்லாம் வந்துடறான்"னு திட்டித் தீர்த்தார். தலைப்புகள் கத்துக் கொடுத்த பாடம் சார் அது!

2010 மே 22, மங்களூர். 158 பேர் செத்தாங்க. துணை விமானி 3 தடவை கோ-அரவுண்ட் போகச் சொல்லியும் கேப்டன் இறக்கினார்னு விசாரணை அறிக்கை சொல்லுது. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு, 21 பேர். அங்கேயும் துணை விமானி சொன்னார், கேக்கலை. மேல ஏறியிருந்தா அந்த ரெண்டு விமானத்தையும் என்னன்னு எழுதியிருப்பாங்க? 'நூலிழையில் தப்பியது'ன்னுதானே?

டிஸ்கி: வேன் மேல ஏறி நிக்க எனக்கும் ஆசைதான். தங்கமணி மொட்டை மாடியோட நிறுத்திட்டாங்க :-)