தேய்ஞ்ச சாவியைக் காப்பி எடுக்காதீங்க

நாம ஐ.வி.க்கும் கொடைக்கானல் டூருக்கும் போற டெம்போ டிராவலருக்கு ஜெர்மனியில் ஒரு பெரியப்பா உண்டு. பேரு மெர்சிடிஸ் டி1. 1977-ல் ப்ரேமன் நகரத் தொழிற்சாலையில் பிறந்ததால அங்கே அதை 'ப்ரேமர் டிரான்ஸ்போர்ட்டர்'னு செல்லமா கூப்பிடுவாங்க. 1995-ல் ஸ்ப்ரின்டர் வந்ததும் அங்கே அதோட கதை முடிஞ்சது. ஆனா அதுக்கு முன்னாடியே, 1987-ல், இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ் (அப்போ பஜாஜ் டெம்போ) அந்த வடிவத்தை வச்சு இங்கே டிராவலரை இறக்கிட்டாங்க. முகம் பலமுறை மாறியிருக்கு. பழைய டிராவலரைப் பக்கவாட்டில் நின்னு பாருங்க, குடும்ப ஜாடை தெரியும்.

இதை இப்போ ஏன் சொல்றேன்னா, நம்ம டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தர் எம்.எஸ். பண்ண ஜெர்மனி போய், ரூம்மேட்ஸ் ரெண்டு பேரோட சேர்ந்து 1986 மாடல் 207டி கேம்பர் வேன் ஒண்ணு வாங்கியிருக்கார். உள்ளே ரெண்டு கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன சிங்க், குட்டி ஃப்ரிட்ஜ். இன்ஸ்டா ரீல்ஸ்ல பார்த்து நாம பெருமூச்சு விடுற அதே ஐட்டம். வாங்கின ரெண்டாவது வாரம் எனக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு: "டேய் தம்பி, நம்ம ஊர்ல டிராவலர் முன் கண்ணாடி ரப்பர் மீட்டர் என்ன விலை? அப்படியே சாவிக்கும் ஒரு வழி சொல்லு."

அதுக்கு முந்தின நாள் வரைக்கும் பழைய வண்டின்னா இன்ஜின்தான் பிரச்சினைன்னு நம்ம கிளாஸ்ல எல்லாரும் சொல்லியிருப்போம். நாலு வருஷம் தெர்மோ படிச்சா அப்படித்தான் தோணும். அண்ணனோட வண்டியில் இன்ஜின் ஒரு பேச்சே இல்லை. ஓஎம் 616, 2.4 லிட்டர், நாலு சிலிண்டர் டீசல். 1973-லேயே மெர்சிடிஸ் 240டி கார்ல வந்தது. எலக்ட்ரானிக்ஸ்னு எதுவுமே கிடையாது. கார், வேன், ஜீப்னு லட்சக்கணக்கில் ஓடியது. நம்ம ஊர் மேட்டடோர்லயும் டிராவலர்லயும் லைசென்ஸ் எடுத்துப் போட்டது அதே குடும்ப இன்ஜின்தான். அதனால கேஸ்கெட், பிஸ்டன் ரிங், நாசில் எல்லாம் இன்னும் ஈஸியா கிடைக்குது. வண்டியை நிறுத்தி வைக்கிறது கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர், ஒரு பிளாஸ்டிக் தாழ்ப்பாள், ஒரு சாவி. நூறு ரூபா ஐட்டங்கள்.

ஜெர்மனியில் இது வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. அங்கே 30 வருஷம் தாண்டிய வண்டி நல்ல நிலையிலும், ஏறக்குறைய ஒரிஜினலாகவும் இருந்தா நம்பர் பிளேட் கடைசியில் ஒரு 'எச்' எழுத்து கொடுப்பாங்க. பழம்பொருள்னு அங்கீகாரம். வரி வருஷத்துக்கு சுமார் 192 யூரோ, அவ்வளவுதான். முக்கியமான விஷயம், பழைய டீசல் வண்டிகளை உள்ளே விடாத சிட்டி சென்டர்களுக்குள்ளே இந்த 'எச்' இருந்தா போகலாம். கண்ட இடத்துல கண்டதை ஒட்டி வச்சிருந்தா அந்த எழுத்து கிடைக்காது. ஒரு ரப்பர் பட்டைக்காக மூணு ஸ்டூடன்ட்ஸோட சேமிப்பு மொத்தமும் ரோட்டு ஓரத்துல நிக்கலாம்.

பாகம் தேடுறதுல எனக்கு முதல்ல பிடிச்சது பார்ட் நம்பர். பழைய மெர்சிடிஸ் பார்ட் நம்பர் 'ஏ'ன்னு ஆரம்பிக்கும், பின்னாடி பத்து இலக்கம். முதல் மூணு இலக்கம் அந்தப் பாகம் எந்த வண்டிக்காக முதன்முதலா வரைஞ்சதுன்னு சொல்லும். 601, 602-ன்னா டி1 வேனுக்கு உரியதா இருக்கலாம். 616-ன்னா அந்த இன்ஜின். 123-ன்னா டபிள்யூ123 கார். 'என்'னு ஆரம்பிச்சா இன்னும் சந்தோஷம், அது ஸ்டாண்டர்ட் போல்ட், வாஷர் மாதிரி ஐட்டம், ஹார்டுவேர் கடையிலேயே கிடைச்சிடும். அதாவது ஒரு நம்பரைப் பார்த்தே இந்தப் பாகம் கிடைக்குமா, நாம அழணுமான்னு சொல்லிடலாம். பல வண்டிகள் பகிர்ந்துக்கிட்ட பாகம் பிழைச்சுக்கும். ஒரே ஒரு வண்டிக்குன்னு செல்லமா செஞ்ச பாகம்தான் முதல்ல காணாமப் போகும்.

கேம்பர்ல இன்னொரு சிக்கல், அதுக்கு அப்பா ரெண்டு பேர். வண்டியைச் செஞ்சது ஒரு கம்பெனி, உள்ளே வீட்டைக் கட்டினது வேற கம்பெனி. டி1 மேல வெஸ்ட்ஃபாலியா செஞ்ச ஜேம்ஸ் குக், ஹைமர் செஞ்ச மோட்டார்ஹோம் எல்லாம் இந்த ரகம். அலமாரித் தாழ்ப்பாள், தண்ணீர் டேங்க் மூடி, அக்ரிலிக் ஜன்னல் பிடி எதுவும் மெர்சிடிஸ் கேட்டலாக்ல இருக்காது. சாவியும் அப்படித்தான். ஓட்டுற சாவி ஒண்ணு, டீசல் மூடிக்கு ஒண்ணு, தண்ணீர் மூடிக்கு ஒண்ணு, கேஸ் சிலிண்டர் பெட்டிக்கு ஒண்ணு. முன்னாடி வச்சிருந்தவர் கொடுத்த சாவிக்கொத்துல எது எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி சின்னப் பூட்டுகள்ல பல சமயம் பூட்டோட முகத்துலயே ஒரு நம்பர் குத்தியிருப்பாங்க. துருவைத் துடைச்சுப் பார்த்தா, அந்த நம்பரை வச்சே சாவி வாங்கிடலாம்.

ஓட்டுற சாவிதான் பெரிய கதை. அண்ணன்கிட்ட இருந்தது ஒரே ஒரு சாவி, முப்பத்தி சொச்சம் வருஷம் தேய்ஞ்சது. பக்கத்து ஷாப்பிங் சென்டர்ல காப்பி எடுத்தார். புது சாவி பளபளன்னு இருந்துச்சு, பூட்டுக்குள்ள போச்சு, திரும்பல. இன்னொரு கடையில் அந்தக் காப்பியைக் காப்பி எடுத்தார். அது உள்ளேயே போகல. செராக்ஸை செராக்ஸ் எடுத்த லேப் ரெக்கார்டு மாதிரி ஆகிடுச்சு.

இந்த விஷயத்தை எங்க காலேஜ் பஸ் ஸ்டாப் பக்கத்துல குடை விரிச்சு உட்கார்ந்து சாவி போடுற அண்ணன்கிட்ட கேட்டேன். ஒரு செகண்ட் கூட யோசிக்கல. "தேய்ஞ்ச சாவியைப் பாத்து சாவி போட்டா தேய்ஞ்ச சாவிதான் வரும் தம்பி. பூட்டைக் கழட்டச் சொல்லு. டிரைவர் பக்கம் வேணாம், அந்தப் பக்கக் கதவு."

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு சுத்தமான இன்ஜினியரிங். சாவிங்கிறது உண்மையில் ஒரு இரும்புத் துண்டே இல்லை, அஞ்சாறு எண்கள். பூட்டுக்குள்ள வரிசையா மெல்லிய தகடுகள் இருக்கும். ஒவ்வொரு தகடும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உயர்ந்தா சிலிண்டர் திரும்பும். சாவியில் இருக்கிற வெட்டுகள் அந்த ஆழங்களோட பட்டியல், அவ்வளவுதான். ஆழங்கள் எல்லாம் முன்கூட்டியே முடிவான சில அளவுகள். தேய்ஞ்ச சாவியில் அந்த எண்கள் மங்கிப் போச்சு. டிரைவர் கதவுப் பூட்டும் இக்னிஷனும் தினமும் உழைச்சுத் தேய்ஞ்சிருக்கும். வலது பக்கம் (அங்கே டிரைவர் இடது பக்கம்) யாரும் சாவி போட்டுத் திறக்கிறதே அபூர்வம். அந்தப் பூட்டுல எண்கள் அப்படியே பத்திரமா இருக்கும்.

அண்ணன் கழட்டினார், வெர்னியர்ல தகடுகளை அளந்தார், பக்கத்துப் பக்கத்து அளவுகளை ரவுண்ட் பண்ணினார், பூட்டுக்காரர்கிட்ட காகிதத்துல எழுதிக் கொடுத்தார். வெட்டின சாவி மூணு பூட்டுலயும் திரும்புச்சு. கையோட இக்னிஷன் சிலிண்டரையும் மாத்திட்டார். அது சரியான முடிவுதான். பல பழைய மெர்சிடிஸ் வண்டிகள்ல இக்னிஷன் சிலிண்டரைக் கழட்டணும்னா சாவி ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திரும்பியிருக்கணும். சாவி முரண்டு பிடிக்க ஆரம்பிச்சப்பவே மாத்திட்டா பத்து நிமிஷ வேலை. முழுசா மாட்டிக்கிட்டா டிரில் போட்டு உடைக்கிற வேலை.

ரப்பருக்கும் அதே நியாயம். பழைய கண்ணாடி ரப்பரை அளந்து அதே மாதிரி வாங்கினா பத்தாது, ஏன்னா ரப்பர் வருஷக்கணக்கில் சுருங்கியும் இறுகியும் போயிருக்கும். அளக்க வேண்டியது அது உட்காரும் இடத்தை. கண்ணாடியோட தடிமன், பாடித் தகட்டு விளிம்போட தடிமன், ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி. அண்ணன் இந்த மூணு அளவையும், ரப்பரைக் குறுக்கே மெல்லிய ஸ்லைஸா வெட்டி ஸ்கேனர்ல வச்சு எடுத்த படத்தையும் அனுப்பினார். அதை எடுத்துக்கிட்டு நான் சென்னையில் ஜி.பி. ரோடு, அப்புறம் புதுப்பேட்டைன்னு சுத்தினேன். புதுப்பேட்டைக் கடைக்காரர் என் வெர்னியரைப் பார்த்துச் சிரிச்சார். படத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திட்டு, மேல் அடுக்கிலிருந்து மூணு சுருள் இறக்கினார். மூணாவது உட்கார்ந்துச்சு. "எந்த வண்டிக்கு தம்பி?"ன்னு கேட்டார். ஜெர்மனிக்குன்னு சொன்னேன். நம்பல.

இங்கேதான் என் கருத்தைச் சொல்லணும். குடை அண்ணனுக்கும் புதுப்பேட்டைக்காரருக்கும் தெரிஞ்ச விஷயம் எங்கேயும் எழுதி வைக்கப்படல. அவங்க பசங்க அந்தத் தொழிலுக்கு வரப்போறதும் இல்லை. நம்ம கிளாஸ்லயே உட்கார்ந்திருக்காங்க. அந்தப் பக்கம் கம்பெனிகள்கிட்ட டிராயிங் எல்லாம் பத்திரமா இருக்கு, ஆனா பூட்டி வச்சிருக்காங்க. கையில் இருக்கிற அறிவு எழுத்துல இல்லை, எழுத்துல இருக்கிற அறிவு கைக்கு வரல.

கம்பெனிகள் தானா கொடுக்க மாட்டாங்க. 2014 ஆகஸ்ட்ல நம்ம காம்படிஷன் கமிஷன் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்குகளுக்கு ஒரிஜினல் ஸ்பேரும் டயக்னாஸ்டிக் டூலும் கிடைக்காம மார்க்கெட்டை அடைச்சு வச்சதுக்காக. அப்புறம் அப்பீல், கோர்ட்டுனு அது நீண்டது. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் துறை 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் ஆரம்பிச்சது, ஆட்டோமொபைலும் அதுல ஒரு பிரிவு. நல்ல ஆரம்பம்தான். ஆனா கம்பெனி விற்கிறதையே நிறுத்திட்ட பாகத்துக்கு விலைப்பட்டியல் இருந்து என்ன பிரயோஜனம்? வேண்டியது டிராயிங். எந்தப் பாகத்தைச் செய்யறதை நிறுத்துறாங்களோ, அதோட அளவு, மெட்டீரியல், டாலரன்ஸை வெளியிடணும்னு விதி வரணும். ரகசியம் போயிடும்ங்கிற சாக்கும் செல்லாது. நம்ம டிசைன்ஸ் சட்டம் 2000 படி ஒரு வடிவத்துக்கான பாதுகாப்பே 10 வருஷம், நீட்டிச்சா இன்னும் 5. முப்பது வருஷத்துக்கு முந்தின தாழ்ப்பாள்ல காப்பாத்த என்ன இருக்கு?

சாவி கோடு மட்டும் விதிவிலக்கு. அதை ஓப்பனா போட்டா திருடனுக்குத்தான் லாபம். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினா கொடுக்கணும், எத்தனை வருஷம் ஆனாலும் கொடுக்கணும், அவ்வளவுதான். இது நாளைக்கு இன்னும் பெரிய தலைவலியாகும். ஐரோப்பாவுல 1998-லிருந்து புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அதாவது சாவிக்குள்ள சிப், அந்த சிப்பை ஏத்துக்கிறது இசியு. இந்த வண்டிகளுக்குக் குடை அண்ணன் தகடு அளந்து சாவி வெட்டினாலும் கதவு திறக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இன்னைக்கு வாங்குற வேன் 2060-ல் கேம்பரா மாறும்போது, அந்த சாவியைப் பதிவு பண்ற சாஃப்ட்வேரை யார் ஓட்டிக் காட்டுவாங்க?

விதி வர்ற வரைக்கும் நாம சும்மா இருக்கணும்னு இல்லை. ஒவ்வொரு வருஷமும் நம்ம காலேஜ்ல மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் ரெண்டு டிபார்ட்மென்ட்லயும் எத்தனை ப்ராஜெக்ட் பேட்ச்? அதுல பாதி போன வருஷத்து லைன் ஃபாலோயருக்குப் புது பெயின்ட். அதுக்குப் பதிலா ஒரு டீம் ஒரு பாகம் எடுக்கட்டும். கிடைக்காம போன ஒரு பாகம். அது உட்காரும் இடத்தை அளந்து, தேய்மானத்தைக் கழிச்சு, மெட்டீரியல் கண்டுபிடிச்சு, ஒரு ஒழுங்கான டிராயிங் போட்டு எல்லாருக்கும் திறந்து வைக்கட்டும். கேட்க ஈஸியா இருக்கும், செய்யும்போது தெரியும். 3டி பிரின்டர்ல பிஎல்ஏ போட்டுக் கதவுப் பிடி அடிச்சு ஃபோட்டோ எடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க, அதை மே மாச வெயில்ல நிறுத்தின வேனுக்குள்ள வச்சுப் பாருங்க. சுமார் 60 டிகிரியிலேயே பிஎல்ஏ இளகிடும். ஏபிஎஸ் அதை விட ரொம்ப நேரம் தாங்கும், ஆனா வெயில் பட்டா வெளுத்து நொறுங்கும், அதனால வெளிப்பக்கத்துக்கு ஏஎஸ்ஏ. ஜன்னல் ரப்பருக்கு ஈபிடிஎம், ஆனா அதையே ஆயில் படுற இடத்துல போட்டா ஊதிடும், அங்கே நைட்ரைல் வேணும். மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு எழுதினது இங்கே மழைத்தண்ணி உள்ளே வருமா வராதாங்கிற கேள்வியா நிக்கும்.

"இதுல நாவல்டி எங்கே?"ன்னு ரிவ்யூல கேட்பாங்க, தெரியும். இல்லாத ஒரு பிரச்சினைக்கு ஆப் செய்யறதை விட, இருக்கிற ஒரு வண்டியை ஓட வைக்கிறது எப்படிக் குறைஞ்சதுன்னு நான் திருப்பிக் கேட்கத் தயார்.

எங்க டீம் எடுத்திருக்கிறது பழைய டிராவலர் ஸ்லைடிங் டோர் ரோலர். அண்ணன் அவர் வண்டி ரோலரைக் கழட்டி அளவு அனுப்புறேன்னு சொல்லியிருக்கார்; இந்தப் பக்கத்து ரோலர் ரெண்டு புதுப்பேட்டையில வாங்கியாச்சு. ரெண்டும் ஒரே அளவா, நடுவுல எங்கே விலகுதுன்னு முதல்ல பார்க்கணும். ஜீரோத் ரிவ்யூ அடுத்த மாசம். டைட்டில் ஃபாரத்துல 'நாவல்டி'ங்கிற கட்டத்தை மட்டும் இன்னும் காலியா வச்சிருக்கோம்.