முன்னால் போகிறவரின் கண்

கொஞ்சம் நீண்ட பதிவு. சனி, ஞாயிறு காலைகளில் கூட்டமாகச் சைக்கிள் ஓடுகின்ற தம்பிமார் கட்டாயம் வாசிக்கவும்.

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்துப்போன காலத்தில்தான் என் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தேன். பெற்றோல் வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. சுபஹுக்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் ஓடினோம். இப்போது பத்துப் பன்னிரண்டு பேர். வட்ஸ்அப் குழுமத்தில் எந்த கியர் நல்லது, எந்த டயர் நல்லது என்று இரவிரவாகப் பேச்சு. எப்படிச் சேர்ந்து ஓடுவது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. நானும் பேசவில்லை, போன வருடம் வரைக்கும்.

அன்று நான்தான் முன்னால். மதகுக்குக் கிட்ட ஒரு குழி. கண்டேன், சட்டென்று வலப்பக்கம் வெட்டித் தப்பிவிட்டேன். வாயும் திறக்கவில்லை, கையும் காட்டவில்லை. பின்னால் ஒட்டி வந்த பிள்ளைக்கு என் முதுகைத் தவிர வேறென்ன தெரியும்? முன்சில்லு குழிக்குள் போய் ஆள் வீதியில். வலது காறை எலும்பு முறிவு. ஏ.எல். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

எல்லாரும் குழியைத்தான் ஏசினார்கள். பார்க்கப் போனபோது அவருடைய வாப்பாவும் றோட்டைத்தான் குறை சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். அந்தக் குழியை நான் கண்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மூன்று கிழமை எடுத்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இனிக் கத்திச் சொல்லுங்க சேர்” என்றார்.

ஏன் ஒட்டி ஓடுகிறோம்? முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் வருகிறவருக்கு மிதி இலேசாகிறது. எதிர்க்காற்று அடிக்கிற நாளில் ஓடிப் பார்த்தவருக்கு விளங்கும். ஆனால் அந்த இலேசுக்காக அவர் தன் கண்ணை முன்னால் உள்ளவரிடம் கொடுத்துவிடுகிறார். அதனால் முன்னால் போகிறவர் தனக்கு மட்டும் பார்த்து ஓட முடியாது. குழி, கிறவல், மாடு: ஒரு சொல், ஒரு கைச்சாடை போதும். கேட்டவர் அதைப் பின்னுக்குச் சொல்ல வேண்டும். கடைசியாக வருகிறவர் பஸ் வந்தால் முன்னுக்குச் சொல்ல வேண்டும். சும்மா பிரேக் பிடிக்கக் கூடாது. பின்னால் வருகிறவரும் தன் முன்சில்லை மற்றவரின் பின்சில்லுக்குப் பக்கமாக நுழைக்கக் கூடாது. இரண்டும் உரசினால் விழுவது அனேகமாகப் பின்னால் உள்ளவர்தான்.

சோடி சோடியாகக் கதைத்துக்கொண்டு ஓடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். “இங்கிலாந்தில் சட்டமே விட்டிருக்கு சேர்” என்று ஒரு தம்பி படம் அனுப்பினார். உண்மைதான். அங்குள்ள வீதிக் கோவையை 2022 இல் திருத்தியபோது இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம் என்று தெளிவாக எழுதினார்கள். பின்னால் வாகனம் முந்த நினைத்தால், பாதுகாப்பான இடத்தில் ஒற்றை வரிசைக்கு வந்து வழிவிடச் சொல்லியும் அதே விதியில் இருக்கிறது. அந்தப் பாதியைத் தம்பி அனுப்பவில்லை! நம்ம பிரதான வீதியில் பஸ் வருகிற வேகத்துக்கு ஒற்றை வரிசைதான் சரி என்பது என் கருத்து. கதையைத் தேத்தண்ணிக் கடையில் வைத்துக்கொள்வோம்.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் வீதியோரம் நெல் காயும். அதன் மேல் ஏற்றாதீர்கள். சில்லும் வழுக்கும், ஒருவரின் ஆறுமாத உழைப்பும் அது.

இன்னொன்று. பயணத்தில் மூன்று பேர் இருந்தாலே ஒருவரை அமீராக்கிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பன்னிரண்டு பேர் போகிறோம், யார் சொல்லை யார் கேட்பது என்று தெரியாது. ஒருவருக்கு டயர் காற்றுப் போனால் முன்னால் போன ஆறு பேர் அடுத்த ஊரில் செல்ஃபி போடுகிறார்கள். ஆகவும் மெதுவாக ஓடுகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம். அது பிடிக்காதவர் தனியே ஓடட்டும், அதில் குற்றம் இல்லை.

வருகிற சனி மீண்டும் புறப்படுகிறோம். அந்தப் பிள்ளையும் வருகிறார், இந்தமுறை அவர்தான் முன்னால். நான் அவருக்கு அடுத்து. சுபஹ் முடிந்து பத்து நிமிடத்தில் சந்தியில் நிற்போம். ஹெல்மட் இல்லாதவர் வர வேண்டாம்.